வெற்றிக்குப் பின் வரும் வெறுமை

தோற்றுப் போனவனைத் தேற்ற ஊரே திரண்டு வரும். "பரவாயில்லை மகன், அடுத்த முறை பார்ப்போம்" என்று தோளில் தட்டுவார்கள். ஆனால் வென்று வந்தவன் ஒரு மூலையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் அவனை யார் தேற்றுவது? "உனக்கு என்ன குறை? நினைத்ததை முடித்துவிட்டாயே!" என்ற பேச்சுத்தான் அவன் காதில் விழும். ஆறுதல் போலத் தோன்றும் அந்தப் பேச்சு அவனுடைய வாயை அடைத்துவிடுகின்றது. சோர்ந்திருக்கத் தனக்கு உரிமையே இல்லை என்று அவன் எண்ணத் தொடங்குகின்றான்.

இந்தச் சோர்வைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகின்றேன், சகோதரிகளே. நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டத்தை முடித்து வந்தவர்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சைக்கிளுக்கும் குடும்பப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கட்டுரையை வாசித்து முடிக்கும்போது, இது உங்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கக்கூடும் என்பது விளங்கும்.

வத்தளை வீதிகளிலே

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நாம் எவரும் மறக்கவில்லை. பெற்றோல் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. காரியாலயம் போகவும், கடைக்குப் போகவும், பிள்ளையை வகுப்பில் விடவும் சைக்கிளே கைகொடுத்தது. சைக்கிளின் விலையும் தாறுமாறாக ஏறியது. நெருக்கடி தணிந்ததும் பலருடைய சைக்கிள்கள் மீண்டும் தூசி படியத் தொடங்கின. ஆனால் சில இளைஞர்களை மாத்திரம் அது விடவில்லை.

சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். ஹெந்தளைப் பக்கமாகச் சென்று, கால்வாய்க் கரையைப் பிடித்து நீர்கொழும்புப் பக்கம் மிதிப்பார்கள். ஒல்லாந்தர் கால்வாய் என்று நம்மில் பலரும் சொல்லும் அந்தக் கால்வாயின் பெயர் ஹமில்டன் கால்வாய். 1802இல் தொடங்கி 1804இல் அதை வெட்டி முடித்தவர்கள் பிரித்தானியர். முதலில் பமுனுகம வரை, பிறகு நீர்கொழும்பு, அதன்பின் கண்டி மலை ஏற்றம். கடைசியில், நாட்டின் வடமுனையான பருத்தித்துறையிலிருந்து தென்முனையான தெவுந்தர வரை ஒரே மூச்சில் ஓடிவிட வேண்டும் என்ற ஆசை பிறக்கும். ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான பாதை அது.

அப்படி ஓடி முடித்த ஒரு பிள்ளையின் உம்மா சில காலத்துக்கு முன்னர் என்னிடம் வந்து கவலைப்பட்டார். "மகனுக்கு என்னமோ நடந்திரிச்சி ஹஸ்ரத். எட்டு மாசமா விடிய முந்தி எழும்பின புள்ள. அந்தப் பயணம் முடிஞ்சி ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து சைக்கிளத் தொடுறதுமில்ல. கேட்டா, 'இனி எனத்துக்கு உம்மா' எண்டு செல்றான்."

'இனி எதற்கு?' இந்த ஒரு கேள்விக்குள்தான் முழு விடயமும் அடங்கியிருக்கின்றது. அதற்குப் பதில் தேடுமுன், இந்த நிலை ஏன் வருகின்றது என்று பார்ப்போம்.

உடம்பு கேட்கும் கடன்

முதற் காரணம் மிகச் சாதாரணமானது: உடம்பு களைத்திருக்கின்றது. நீண்ட நேரம் மிதிக்கும்போது, தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் மாச்சத்து பெருமளவு தீர்ந்துவிடுகின்றது. நன்றாகச் சாப்பிட்டால் ஓரிரு நாட்களில் அது மீண்டும் நிரம்பிவிடும். ஆனால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதங்கள் ஆற அதைவிட அதிக காலம் எடுக்கும். இரவிரவாக ஓடியவருக்குத் தூக்கக் கடன் வேறு இருக்கும். மாதக்கணக்கில் பயிற்சி செய்து, அதற்கேற்ற உணவும் ஓய்வும் இல்லாமற் போனவருக்கு உடம்பு முழுமையாகத் தேற வாரங்கள், சில வேளை மாதங்கள்கூடச் செல்லலாம்.

இதைக் கண்டுகொள்ள எளிய வழியொன்று உண்டு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும்புமுன் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். வழக்கத்தைவிட அது தொடர்ந்து பல நாட்கள் கூடியிருந்தால், உடம்பு இன்னும் தேறவில்லை என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி. பெண்களாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைபாடும் இதே களைப்பைத் தரும் என்பதை மறந்துவிடக் கூடாது. சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அது தெரிந்துவிடும்.

ஆகவே, "சோம்பேறியாகிவிட்டான்" என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். உடம்பு தான் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கின்றது. அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

நாளைக் கட்டி வைத்த கயிறு

இரண்டாவது காரணம் மனதைச் சார்ந்தது. பெரியதோர் இலக்கு இருக்கும்போது அது நமது நாள் முழுவதையும் ஒரு கயிறு போலக் கட்டி வைக்கின்றது. எத்தனை மணிக்கு எழும்புவது, எதைச் சாப்பிடுவது, எப்போது உறங்குவது, யாருடன் பேசுவது எல்லாமே அந்த இலக்கால் தீர்மானிக்கப்படுகின்றன. இலக்கு நிறைவேறிய அன்றே அந்தக் கயிறு அறுந்துவிடுகின்றது. நாள் இருக்கின்றது, ஆனால் அதற்கு உருவமில்லை.

இது சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மாத்திரம் உரியதா? மகளின் கலியாணத்துக்காக ஒரு வருடம் ஓடியாடிய உம்மாவைக் கேட்டுப் பாருங்கள். பந்தல் பிரித்து, கடைசி விருந்தாளியும் போன பிறகு வீட்டில் விழும் அந்த அமைதி எப்படியிருந்தது என்று அவர் சொல்வார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளையிடமும், ஹஜ்ஜை நிறைவேற்றி வந்து பெட்டிகளைப் பிரித்து முடித்தவர்களிடமும் இதே வெறுமையைக் காணலாம். நன்றி கெட்ட தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. முழு மனதோடு ஒரு காரியத்தில் இறங்கியவருக்கே இது வருகின்றது. அரை மனதோடு செய்தவருக்கு முடிவில் இழப்பதற்கு ஒன்றுமில்லை அல்லவா?

இன்னும் பெரிய பாதையைத் தேடியவர்

இந்த வெறுமையைப் பலர் பல விதமாகக் கடந்திருக்கிறார்கள். உலகறிந்த சிலரைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை, ஏறத்தாழ 4,800 கிலோமீற்றரைச் சைக்கிளில் கடக்கும் போட்டியொன்று 1982ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றது. 'அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ஓட்டம்' என்பது அதன் பெயர். கடிகாரம் நிற்பதே இல்லை. தூங்கினால் தூங்கிய நேரமும் கணக்கில் சேரும். 2017ஆம் ஆண்டு வரை எந்த இந்தியரும் இதைத் தனியாளாக முடித்ததில்லை. அவ்வருடம், இந்திய இராணுவத்தில் வைத்தியராகப் பணியாற்றிய ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், நாக்பூரைச் சேர்ந்த வைத்தியர் அமித் சமர்த் ஆகிய இருவரும் சில மணி நேர இடைவெளியில் பன்னிரண்டு நாட்களுக்குள் முடித்தார்கள். கோகுல்நாத் அதற்கு முந்திய வருடமும் முயன்று, முடிக்க இயலாமற் போனவர்.

அமித் சமர்த் அத்தோடு நிற்கவில்லை. அடுத்த வருடமே, 2018இல், ரஷ்யாவின் மொஸ்கோவிலிருந்து விளாடிவொஸ்தொக் வரை ஒன்பதாயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைப் பதினைந்து கட்டங்களாக ஓடி முடித்தார். ஒரு மலையை ஏறியவர் அதைவிட உயர்ந்த மலையைத் தேடிப் போவது ஒரு வழி.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் வருடா வருடம் தூரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக முடியுமா? ஒரு கட்டத்தில் உடம்பு மறுக்கும். அல்லது வீடு மறுக்கும். அப்படியானால் வேறு வழி உண்டா?

மீண்டும் முதற் படியில் நிற்பவர்கள்

பிரான்ஸில் 1891ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஓட்டம் உண்டு. பாரிஸிலிருந்து மேற்குக் கரையோரத்து பிரெஸ்ட் நகரம் வரை சென்று திரும்ப வேண்டும். 1,200 கிலோமீற்றர். அதிகபட்சம் 90 மணித்தியாலங்கள் தரப்படும். இப்போது நான்கு வருடத்துக்கு ஒரு முறை நடக்கின்றது. கடைசியாக 2023 ஆகஸ்டில் நடந்தது. இந்தியாவிலிருந்தும் பலர் சென்று வருகிறார்கள்.

இதில் முதலாம் இடம், இரண்டாம் இடம் என்ற பேச்சே இல்லை. குறித்த நேரத்துக்குள் முடித்தவர்கள் அனைவரும் சமம். இதைவிட எனக்குப் பிடித்த விதி வேறொன்று. இந்த ஓட்டத்துக்குத் தகுதி பெற வேண்டுமானால், அதே வருடத்தில் 200, 300, 400, 600 கிலோமீற்றர் ஓட்டங்கள் நான்கையும் முடித்திருக்க வேண்டும். 200 கிலோமீற்றருக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம். 600க்கு நாற்பது மணித்தியாலம். சென்ற முறை 1,200ஐ முடித்தவர் என்பதற்காக எவருக்கும் சலுகை கிடையாது. நேற்றுச் சைக்கிள் வாங்கியவரோடு சேர்ந்து, அவரும் மீண்டும் 200இலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதை வாசித்தபோது எனக்கு நமது ஹிப்ழு மத்ரஸாக்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு மாணவன் வருடக்கணக்கில் பாடுபட்டு முப்பது ஜுஸ்உகளையும் மனனம் செய்து முடிக்கின்றான். வீட்டார் மகிழ்கிறார்கள், மாலை போடுகிறார்கள், விருந்து நடக்கின்றது. சில நாட்கள் கழித்து அவன் முகத்தில் ஒரு வாட்டம் தெரியும். நாளைக்கு மனனம் செய்யப் புதிய பக்கம் இல்லையே என்ற வாட்டம். அனுபவமுள்ள உஸ்தாத் அவனை அப்படியே விட்டுவிட மாட்டார். "இனி தவ்ரைத் தொடங்கு" என்று முதல் ஜுஸ்உவுக்கே திருப்பி அனுப்புவார். முடித்ததைத் திரும்ப ஓதி வராவிட்டால் மனனம் செய்தது நழுவிப்போகும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாம் முறை ஓதுபவன் அந்தப் பக்கத்துக்குப் புதியவனுமல்லன். முதல் முறை ஓதியவனுமல்லன். அவசரமில்லாமல் ஓதும்போது, அன்று கண்ணில் படாதவை இன்று படுகின்றன.

ரமழான் முடிந்ததும் வரும் தளர்ச்சியையும் நாம் அறிவோம். முப்பது நாள் கட்டுக்கோப்பும் பெருநாளோடு கலைந்துவிடுகின்றது. அதைத் தொடர்ந்து வரும் ஷவ்வாலின் ஆறு நோன்புகளை எண்ணிப் பாருங்கள். இன்னொரு முப்பது கேட்கப்படவில்லை. விரும்பியவர் நோற்பதற்கு ஆறே ஆறு. பெரியதற்குப் பின்னால் ஒரு சிறியதை வைத்துத் தொடர்ச்சியைக் காப்பாற்றும் அழகு இதில் இருக்கின்றது.

ஒரே நாள், ஒரே மைதானம்

2021 ஜூலை 28ஆம் திகதி ஜப்பானில், ஃபுஜி மலைப் பக்கத்து ஓடுபாதையில், டோக்கியோ ஒலிம்பிக்கின் தனிநபர் நேர ஓட்டங்கள் நடந்தன. அன்று அங்கே ஓடிய இருவரின் கதை நமக்கு உதவும்.

ஒருவர் நெதர்லாந்தின் டொம் டுமுலான். 2017இல் இத்தாலிச் சுற்று ஓட்டத்தை வென்ற பெருவீரர். 2021 ஜனவரியில் அவர் திடீரென்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அணி, ரசிகர்கள், விளம்பரக்காரர்கள் என்று எல்லோருடைய எதிர்பார்ப்பையும் நிறைவேற்ற ஓடி, தான் என்ன விரும்புகின்றேன் என்பதே தனக்குத் தெரியாமற் போய்விட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். சில மாதங்களின் பின் திரும்பி வந்து, அன்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த வருடம் ஓய்வும் பெற்றுவிட்டார். திரும்பி வந்ததும் அவருடைய முடிவு; நிறுத்திக்கொண்டதும் அவருடைய முடிவு. இதில் தோல்வி எதுவும் இல்லை.

மற்றவர் மஸூமா அலி ஸாதா. ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த முஸ்லிம் யுவதி. சைக்கிள் ஓட்டியதற்காகக் காபூல் வீதிகளில் கல்லெறி பட்டவர். குடும்பத்தோடு பிரான்ஸில் தஞ்சம் புகுந்தவர். அகதிகள் அணியின் சார்பில் தலையை மறைத்த உடையோடு அன்று ஓடினார். பதக்கம் பெறுவோர் வரிசைக்கு வெகு தூரம் பின்னால்தான் முடித்தார். ஆனால் அந்த ஓட்டத்தோடு அவருடைய கதை முடியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 37 வீரர்களைக் கொண்ட அகதிகள் அணிக்குத் தலைமைப் பொறுப்பாளராக அவரே நியமிக்கப்பட்டார். தான் நின்ற இடத்தில் மற்றவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும் பணி அவருக்குக் கிடைத்தது.

அயர்லாந்துப் பெண்ணான டேர்வ்லா மர்ஃபியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பத்து வயதில் ஒரு சைக்கிளும் ஒரு உலக வரைபட நூலும் பரிசாகக் கிடைத்தபோதே, ஒருநாள் இந்தியாவுக்குச் சைக்கிளில் போவேன் என்று தீர்மானித்தவர். ஆனால் பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தி, நோயாளியான தாயைப் பராமரிக்க வேண்டி வந்தது. தாய் இறக்கும் வரை அந்த ஆசையை நெஞ்சிலேயே வைத்திருந்தார். 1963 ஜனவரியில், கடும் பனிக்காலத்தில் புறப்பட்டு, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டில்லி வந்து சேர்ந்தார். இருபது வருடத்துக்கும் மேற்பட்ட கனவு நிறைவேறிவிட்டது! இனி எதற்கு என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. தர்மசாலாவிலுள்ள திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமுக்குச் சென்று தொண்டு செய்தார். 2022இல் தமது தொண்ணூறாவது வயதில் இறக்கும் வரை பயணங்களைப் பற்றி எழுதிய நூல்கள் ஏராளம்.

ஆக, வழிகள் பலவாக இருக்கின்றன. இன்னும் பெரியதைத் தேடலாம். முதற் படிக்குத் திரும்பி நிதானமாக ஏறலாம். இது என் விருப்பமா, பிறருடைய விருப்பமா என்று நின்று யோசிக்கலாம். கற்றதைப் பிறருக்குக் கொடுக்கலாம். எது தனக்குப் பொருந்தும் என்பதை ஓடியவரே தெரிவு செய்ய வேண்டும். நாம் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடியவை

1. சில வாரங்களுக்கு "அடுத்தது என்ன?" என்று கேட்காதீர்கள். பெருநாள் வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்பதை அறவே தவிருங்கள்.

2. முதலில் தூக்கமும் சாப்பாடும். இலக்கை நோக்கிச் செல்லும் காலத்தில் நேரம் பார்த்து ஆக்கிக் கொடுத்த அதே அக்கறை, முடிந்த பிறகும் சில வாரங்களுக்குத் தேவை.

3. பயணத்தைப் பற்றிச் சொல்ல விடுங்கள். எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று மாத்திரம் கேட்டால் ஒரு எண்தான் பதிலாகக் கிடைக்கும். எங்கே தேநீர் குடித்தாய், யார் தண்ணீர் தந்தார்கள், எந்த இடத்தில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

4. கணக்கில்லாத சிறு ஓட்டங்களுக்கு வழி செய்யுங்கள். தூரம் காட்டும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, பாண் வாங்கிவரவோ மாமி வீட்டுக்குச் சாமான் கொடுத்துவரவோ அனுப்புங்கள். நான் மேலே குறிப்பிட்ட உம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். அவருடைய மகன் இன்னும் நீண்ட ஓட்டங்களுக்குத் திரும்பவில்லை. ஆனால் பின்னேரங்களில் தம்பிக்குச் சைக்கிள் பழக்கிக் கொடுக்கின்றாராம். இப்போதைக்கு அது போதும்.

5. அடுத்த இலக்கு ஒன்று பிறந்தால், அது அவருடைய வாயிலிருந்தே வரட்டும். அது சென்றதைவிடச் சிறியதாக இருந்தாலும் சந்தோஷப்படுங்கள். வீட்டின் வரவு செலவுக்கும் மற்றவர்களின் நேரத்துக்கும் அது எவ்வளவு பாரமாகும் என்பதையும் அப்போதே மனந்திறந்து பேசிக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெரிய இலக்கை வீடு முழுவதும் சேர்ந்துதான் சுமக்கின்றது.

வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்

எல்லாச் சோர்வும் தானாகத் தீர்ந்துவிடும் என்று இருந்துவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் மனம் வாடியிருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், முன்னர் பிடித்திருந்த எதிலும் நாட்டமில்லாமற் போனால், தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற பேச்சு வந்தால், அது வெறும் களைப்பு அல்ல. தாமதிக்காமல் வைத்தியரைக் காண வேண்டும். வாழ்வதே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் ஒருநாள்கூடப் பொறுக்கலாகாது. அவரைத் தனியே விடவும் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வெட்கப்படாத நாம் மனதின் நோய்க்கு மருந்தெடுக்க ஏன் வெட்கப்பட வேண்டும்? "ஈமான் குறைந்துவிட்டது" என்று சொல்லி ஒரு நோயாளியைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள்.

சகோதரிகளே, இதுவரை பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசிப் பிள்ளையும் பாடசாலை முடித்துவிட்டது, மாமியாரை வருடக்கணக்கில் பராமரித்து அவரும் காலமாகிவிட்டார், வீட்டுக் கடனும் அடைந்துவிட்டது என்று உங்கள் வாழ்விலும் முடிவுக் கோடுகள் வருகின்றன. அவற்றைக் கடந்த அன்று உங்கள் கழுத்தில் பதக்கம் போட எவரும் நிற்பதில்லை. அதன் பிறகு வரும் வெறுமையையும் எவரும் காண்பதில்லை. அந்த நாட்களில் உங்கள் உடம்பும் தன் கடனைக் கேட்கும், கொடுத்துவிடுங்கள். அதன்பின் இருபது வருடமாகத் தள்ளிப்போட்ட ஒரு சிறு காரியத்தை, தையலோ, வாசிப்போ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஓதிக் கொடுப்பதோ, நாளுக்குக் கால் மணித்தியாலமாகத் தொடங்குங்கள். உங்களுக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தை ஒதுக்கித் தருவது வீட்டு ஆண்களின் பொறுப்பு. இந்தப் பக்கத்தை அவர்களிடமும் வாசிக்கக் கொடுங்கள்.